இடது முன்சக்கரத்தின் கீழ் போல்ட்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இட்டுக்கட்டி எழுதுவதென்றால் நான் இதைவிடப் பெரிய பேயாக, தலைவிரி கோலமாக, மல்லிகைப்பூ வாசத்தோடு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். இதில் அப்படி எதுவும் வராது. ஒரு போல்ட் வரும். விரல் நீளம்தான் இருக்கும். அந்தப் போல்ட்டை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆசாமி நான். அன்று ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்தேன்.

நடந்தது நடுநிசியிலும் அல்ல. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் 2.15 மணியிலிருந்து மாலை 5.25 வரை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தறிச்சத்தம் கேட்கிற ஒரு தெருவில். நேரமெல்லாம் இவ்வளவு கறாராக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நடந்தது என் சிநேகிதன் சிவபாலனுக்கு. அவன் தும்மினால்கூட மணி பார்க்கிற ஆள்.

சிவபாலனுக்கு வயது முப்பத்துநான்கு. நெசவுக் குடும்பம். அப்பா குமாரவேல் இன்றைக்கும் வீட்டுத் தறியில்தான் உட்காருகிறார். மகனுக்குத் திருப்பெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. கடைசிப் பரிசோதனை அவனுடையது. மற்றவர்கள் முடுக்கி அனுப்புகிற ஒவ்வொரு போல்ட்டையும் சோதித்து, அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பான். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை என்று அர்த்தம். ஒரு தடவை கழற்றிய போல்ட்டை மறுபடி போடக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அந்தச் சட்டத்தைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுக்கிறவனே அவன்தான்.

அப்படிப்பட்டவன் அன்றைக்குச் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அவன் மனைவி காயத்ரிக்கு ஒன்பதாம் மாதம். இதற்கு முன்னால் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது. வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்து, திங்கட்கிழமை அவளை அம்மா வீட்டுக்கு, தென்னேரிக்கு, அழைத்துப்போவதாக ஏற்பாடு. ஏழரை மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் படி தாண்டிவிட வேண்டும் என்று மாமியார் புவனேஸ்வரி போனிலேயே பத்து தடவை சொல்லியாகிவிட்டது. பஸ், ஆட்டோ எதுவும் கூடாது, உடம்பு குலுங்கவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. வாடகைக் காரும் சிவபாலனுக்கு ஆகாது. எவனோ ஒருவன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டுவான், என் காரில் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான்.

அந்தக் கார் நான்கு மாதத்துக்கு முன்னால் தரகர் மூலமாக வாங்கியது. வெள்ளை நிறம், பழைய வண்டி, ஆனால் பார்க்கப் புதிதுபோல இருக்கும். உள்ளே சீட் உறை, கால்மிதி எல்லாம் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிரேக்கை அழுத்தியபோது இடது முன்சக்கரத்தில் கிரீச்... என்று ஒரு சத்தம். பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. மெக்கானிக் அந்தோணி ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார். சர்ச்சுக்குப் போய்விட்டு வீட்டில் பிரியாணி சாப்பிட்டுத் தூங்குகிற மனுஷன். சரி, நாமே மாற்றிவிடலாம் என்று சிவபாலன் சனிக்கிழமையே புது பேட் வாங்கி வந்துவிட்டான். நாள் முழுக்க போல்ட்டோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு இது என்ன பிரமாதம்?

மணி 2.15. வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் வேலை ஆரம்பமானது. வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. காரின் வலது பக்கம் வீட்டுக் கதவு. இடது பக்கம் காம்பவுண்டுச் சுவர், நடுவில் ஒரு ஆள் குந்தி உட்காருகிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்தில் உட்கார்ந்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினான். உள்ளே வீட்டில் நைனா தறியில் இருந்தார். அப்பாவை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான். சடக்... சடக்... சடக்... என்று தறி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. காயத்ரி படுத்திருந்தாள்.

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே ஒரு இரும்புத் தட்டு இருக்கும். பிரேக்கை மிதித்ததும் அந்தத் தட்டை ஒரு கவ்வி இறுக்கிப் பிடிக்கும். பேட் இருப்பது அந்தக் கவ்விக்குள்தான். கவ்வியைப் பிடித்து நிறுத்துவது இரண்டே இரண்டு போல்ட். மேலே ஒன்று, கீழே ஒன்று.

மேல் போல்ட் சுலபமாக வந்தது. கீழ் போல்ட் முதலில் வரவில்லை. மாட்டிய ஸ்பேனரை எட்டி உதைத்தான். அப்புறம் திடீரென்று நெகிழ்ந்து, கையாலேயே சுற்றி எடுக்கிற மாதிரி வந்துவிட்டது. வெளியே எடுத்துப் பார்த்தான். மரை தேய்ந்திருந்தது. மரைக்கு நடுவில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கருகிய முடி மாதிரி.

மூக்கில் ஒரு வாசனை ஏறியது. பட்டு கருகுகிற வாசனை.

நெசவுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசனை தெரியாமல் இருக்காது. அசல் பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தால் அசல். நைனா உள்ளே புது நூல் எதையோ சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கருப்பைத் துணியால் துடைத்துப் போட்டான்.

மணி 3.05.

கவ்விக்குள் தலையை நுழைக்காத குறையாகக் குனிந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரோ வந்து குந்துகிற அரவம் கேட்டது. முட்டி மடங்குகிற மளுக் என்ற சத்தம். நைனாவுக்கு முட்டி அப்படித்தான் சத்தம் போடும். திரும்பாமலே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினான்.

"நைனா, அந்த பதினேழு ஸ்பேனரைக் குடு."

உள்ளங்கையில் ஸ்பேனர் வந்து உட்கார்ந்தது. கொடுத்த விரல்கள் அவன் விரலில் பட்டன. சில்லென்று... ஈரமாக இருந்தன.

"கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்குது? மழையில நின்னுக்கினு இருந்தியா?"

நைனா அப்படித்தான், வாயைத் திறக்க யோசிப்பார். சிவபாலன் ஸ்பேனரால் துருவை இரண்டு தட்டு தட்டினான். அப்போதுதான் காதில் விழுந்தது.

சடக்... சடக்... சடக்...

தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரமாக அல்ல. மதியத்திலிருந்து ஒரு தடவைகூட அது நிற்கவில்லை.

திரும்பினான். சந்து காலியாக இருந்தது. டூல்பாக்ஸ் எட்டடி தள்ளி, காரின் பின்பக்கம் இருந்தது. மூடி மூடியிருந்தது. கொக்கியும் போட்டிருந்தது.

அவன் கையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருந்தது. அதன் பிடியில் ஈரம்.

நானாக இருந்தால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். சிவபாலன் ஓடவில்லை. நாமே எடுத்து வைத்துக்கொண்டு மறந்திருப்போம், ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். நாளைக்கு ஏழரைக்குள் வண்டி கிளம்ப வேண்டும். அவன் மண்டையில் அது ஒன்றுதான் இருந்தது.

இப்போது அவனுக்கு வேண்டியது ஒரு புது கீழ் போல்ட். தெரிந்த கடைக்காரர்கள் நான்கு பேருக்குப் போன் போட்டான். மூன்று பேர் எடுக்கவில்லை. நான்காமவர் நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க சார் என்றார். பத்து மணிக்கு வாங்கி என்ன செய்ய? தேய்ந்த போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்த நைனா வீட்டுக் கதவில் வந்து நின்றார். இந்தத் தடவை நிஜமாகவே நைனாதான். தறி நின்றிருந்தது.

"இன்னாபா, கன்னத்துல கைய வச்சிக்கினு குந்தியிருக்கிற?"

"மரை தேஞ்சிபோச்சு நைனா. புதுசு கிடைக்கல."

"இதுக்கா? கழிவுப் பட்டைச் சுத்தி முடுக்கு. நம்ம ஜக்கார்டு பெட்டி எத்தினி வருசமா அதுலதான் நிக்குது."

தறிக்கு மேலே டிசைன் அட்டைகளை ஓட்டுகிற ஜக்கார்டு பெட்டி நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். அதன் போல்ட்டெல்லாம் நெகிழ்ந்துபோகும். அறுந்து விழுகிற பட்டு இழையை மரையில் நாலைந்து சுற்றுச் சுற்றி முடுக்கிவிடுவார்கள். அசையாது. அந்தத் தெருவில் மின்விசிறி, தண்ணீர்க் குழாய், சைக்கிள் என்று எது ஆடினாலும் அதே வைத்தியம்தான்.

கம்பெனியில் எவனாவது இதைச் செய்திருந்தால் சிவபாலன் அவனைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பான். ஆனால் இது வீடு. ஒரே ஒரு நாள். தென்னேரி போய்விட்டு வந்ததும் புதுசு மாற்றிவிடலாம். நைனா ஒரு பிடி அரக்கு நிறப் பட்டை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, மறுபடி தறிக்குப் போனார். சிவபாலன் மரை தெரியாமல் சுற்றினான். புது பேடைப் பொருத்தி, மேல் போல்ட்டைப் போட்டு, கீழ் போல்ட்டையும் போட்டு முடுக்கினான். சரியான இறுக்கம் வந்ததும் ஒரு சத்தம் கொடுக்கிற ஸ்பேனர் அவனிடம் உண்டு.

டக்.

மணி 4.10. நல்ல இறுக்கம். பட்டு கருகுகிற வாசனை மறுபடியும் வந்தது. இந்தத் தடவை பக்கத்திலேயே.

அவன் எழுந்து டீ குடிக்க உள்ளே போனான். காயத்ரி எழுந்து உட்கார்ந்து துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆச்சாங்க?"

"ஆச்சும்மா."

"புது போல்ட் கிடைச்சுதா?"

"ம்."

அந்த 'ம்' பொய். அவள் சிரித்தாள்.

"உங்க கம்பெனியில ஊருக்கெல்லாம் கோடு போட்டுக் குடுக்கறீங்களே. என் வண்டிக்குப் போட்டீங்களா?"

"பெயிண்டுக்கு எங்க போறது?"

மேஜையிலிருந்து தன் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து நீட்டினாள். நல்ல சிவப்பு. வளைகாப்புக்குப் போட்டுக்கொண்டது.

"இதுல போடுங்க. ஒருத்தி இல்ல, ரெண்டு பேரை ஏத்திக்கினு போறீங்க."

குப்பியை வாங்கிக்கொண்டு வந்தான். மணி 4.30.

கீழ் போல்ட் அதன் இடத்தில் இல்லை.

கீழே விரித்திருந்த துணியின் மேல் இருந்தது. நடுவில், நேராக. அதில் சுற்றியிருந்த பட்டு பிரித்து எடுக்கப்பட்டிருந்தது. பிய்த்துப் போட்டிருந்தால் எலி, பூனை என்று எதையாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். பிய்க்கவில்லை. ஒவ்வொரு இழையும் சிக்கில்லாமல், போல்ட்டுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தது. தறி வேலை தெரிந்த கை வைக்கிற மாதிரி.

சிவபாலன் வீட்டுக்குள் குரல் கொடுத்தான்.

"நைனா... நீ இங்க வந்தியா?"

சடக்... சடக்... "இல்லபா! ஏன்?" சடக்... சடக்...

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொன்னானே தவிர, போல்ட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முடுக்கினோமா, முடுக்கவில்லையா என்று குழம்பினான். டக் என்ற சத்தம் காதிலேயே இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தான். பட்டைச் சுற்றினான். முன்பைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றினான். முடுக்கினான்.

டக்.

நகப்பூச்சைத் திறந்து, போல்ட்டின் தலையிலிருந்து கவ்வி வரைக்கும் நேராக ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். இனி ஒரு நூல் அசைந்தாலும் தெரிந்துவிடும். மணி 4.48.

பேட் மாற்றினால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். கவ்வி சரியாகப் பிடிக்கிறதா, விடுகிறதா என்று இன்னொருவர் வெளியே பார்க்க வேண்டும். மழை வலுத்து ஷெட் இருட்டிவிட்டிருந்தது. போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தான்.

"காயத்ரி! வந்து பிரேக்கை மிதிமா!"

கொஞ்ச நேரம். பிறகு அந்தப் பக்கம் கார்க் கதவு திறந்தது. வண்டி லேசாக ஒருபக்கம் அமுங்கியது. சீட் நகர்கிற சத்தம்... கரகரவென்று. கதவு மூடியது.

டொப்.

"மிதி."

கவ்வி தட்டைப் பிடித்தது.

"விடு."

விட்டது.

"இன்னும் அழுத்தமா."

பிடித்தது. விட்டது. பிடித்தது. விட்டது. அவ்வளவு அழகாக, சொன்ன மாதிரியே. சிவபாலனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சூப்பர்மா. அப்படியே மிதிச்சிக்கினு இரு."

கவ்வி பிடித்தபடி நின்றது. அவன் விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குள்ளிருந்து காயத்ரியின் குரல் வந்தது.

"கூப்பிட்டீங்களா? பாத்ரூம்ல இருந்தேன்... இதோ வர்றேன்!"

மணி 5.12.

கவ்வி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

அவன் அந்தக் கவ்வியையே பார்த்தான். யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் 'விடு' என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு...

எப்படியோ சொன்னான்.

"விடு."

விட்டது.

எழுந்தான். இடது ஜன்னல் வழியாக உள்ளே விளக்கடித்தான்.

யாரும் இல்லை.

டிரைவர் சீட் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது. சிவபாலன் குள்ளம். சீட்டை எப்போதும் முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவான். பிரேக் பெடலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்... சொட்...

கால்மிதியில் தேங்கியிருந்தது. மேலே தகரத்தில் ஓட்டை கிடையாது.

கரண்ட் போனது. தெரு முழுக்க இருண்டது. நைனாவின் கைத்தறி மட்டும் நிற்காமல் ஓடியது.

காயத்ரி போன் விளக்கோடு கதவில் வந்து நின்றாள்.

"எங்க உக்காரணும்?"

"வண்டிகிட்ட போகாத!"

அவன் கத்திய கத்தலில் அவள் பயந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். காரைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அவன் பக்கம் வந்தாள். வரும்போதே மூக்கைச் சுளித்தாள்.

"பட்டு கருகுதுங்க."

அவளும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தான்.

"உள்ள போ காயத்ரி."

"என்னங்க..."

"போன்னு சொல்றேன்ல."

"என்னங்க... கோடு."

அவள் விளக்கு கீழ் போல்ட்டின் மேல் விழுந்திருந்தது. சிவபாலன் திரும்பிப் பார்த்தான்.

சிவப்புக் கோடு ஒடிந்திருந்தது. பாதி கவ்வியில். பாதி போல்ட்டில்.

போல்ட்டில் இருந்த பாதி... நகர்ந்துகொண்டிருந்தது.

மெதுவாக.

கழற்றுகிற பக்கமாக.

இரண்டு பேரும் பார்த்தார்கள். ஸ்பேனர் தரையில் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. போல்ட் சுற்றியது. நின்றது. சுற்றியது. ஸ்பேனரை மாற்றி மாற்றிப் போட்டு ஒருவர் கழற்றினால் எப்படி நின்று நின்று சுற்றுமோ, அப்படி.

சிவபாலன் பாய்ந்து ஸ்பேனரை எடுத்து மாட்டினான். பயமா கோபமா என்று அவனுக்கே தெரியவில்லை. நாளைக்குக் கிளம்பணும்டா, விடுடா என்று கத்தியிருக்கிறான். முழு பலத்தோடு முடுக்கினான்.

முடுக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் ஒரு பிடி இருந்தது. முரட்டுப் பிடி இல்லை. தள்ளவில்லை, அடிக்கவில்லை. ஆனால் விடவில்லை. அவன் புறங்கையில் நாலு விரல்கள் படிந்தன.

சில்லென்று.

ஈரமாக.

ஸ்பேனரை விட்டுவிட்டான்.

போல்ட் கடைசிச் சுற்று சுற்றி வெளியே வந்து விழுந்தது.

டிங்.

உருண்டது... உருண்டது... காயத்ரியின் கால் பக்கத்தில் போய் நின்றது.

அவன் குனிந்து எடுத்தான். எடுத்த வேகத்தில் அலறிக்கொண்டு கீழே போட்டான். உள்ளங்கை பொத்துப்போயிருந்தது. சனிக்கிழமையிலிருந்து ஒரு அடிகூட ஓடாத வண்டியின் போல்ட், அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி கொதித்தது. சுற்றியிருந்த அரக்குப் பட்டு மொத்தமும் கருகிக் கரியாகியிருந்தது.

உள்ளே தறி நின்றது.

நைனாவின் குரல் கேட்டது. "யாருபா அங்க பட்டைக் கொளுத்தறது?"

மணி 5.25.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் ஷெட் பக்கம் போகவில்லை. காலையில் ஏழரைக்குள் கிளம்புவதைக் கோட்டைவிட்டு, ராகுகாலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல், பக்கத்துத் தெரு விக்னேஷின் காரில் காயத்ரியைத் தென்னேரிக்கு அழைத்துப்போனார்கள். மாமியார் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிவபாலனுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. அவன் உள்ளங்கையில் போல்ட் தலையின் ஆறு முனையும் அச்சாகப் பதிந்து கொப்பளித்திருந்தது. இப்போதும் தழும்பு இருக்கிறது. நான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்தோணி புது போல்ட்டோடு வந்தார். பழைய போல்ட் இருந்த துளைக்குள் ஒரு கம்பியை விட்டுச் சுரண்டினார். கரி உதிர்ந்தது.

"தம்பி, நீங்க ஒரு தடவைதானே பட்டு சுத்தி ஓட்டனீங்க?"

"ஓட்டவே இல்லண்ணா."

"இதுல பழைய கரி இருக்குதே. உங்களுக்கு முன்னாடியே எவனோ சுத்தியிருக்கான். அப்புறம் துருப்பிடிச்சு இறுகினதாலதான் இத்தனை நாள் நின்னிருக்குது. தறிக்கு அது சரி. பிரேக் சூட்டுல பட்டு நிக்குமா? பத்து கிலோமீட்டர்ல கருகிடும். அப்புறம் போல்ட் தானா கழண்டுக்கும். கவ்வி சக்கரத்துல மாட்டிச்சுன்னா வண்டி எங்க இழுத்துக்கினு போவும்னு சொல்ல முடியாது."

பிள்ளையார்பாளையத்திலிருந்து தென்னேரிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல். சிவபாலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியைத் துழாவியபோது ஒரு பழைய இன்சூரன்ஸ் காகிதம் அகப்பட்டது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. பெயர் ஜெபகுமார். ஊர் ஐயம்பேட்டை.

தென்னேரிக்குப் போகிற வழிதான். வியாழக்கிழமை காயத்ரியைப் பார்க்கப் போகும்போது இறங்கி விசாரித்தான். ஜெபகுமாரின் அம்மா செல்லியம்மாள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த வெள்ளைக் கார் இப்போது தன்னிடம் இருப்பதாகச் சிவபாலன் சொன்னதும் கீரையைக் கீழே வைத்தார்.

"அத ஏன்பா வாங்கன?"

அப்புறம் அவராகவே சொன்னார். ஜெபகுமார் வீடு வீடாகப் போய் ஜக்கார்டு பெட்டி பழுது பார்க்கிறவன். கை சுத்தமான வேலைக்காரன் என்று பேர். அப்போது மருமகள் ஷாரோனுக்கு ஒன்பது மாதம். பிரசவத்துக்கு அவளைத் தாமல் பக்கம் அம்மா வீட்டில் விடுவதாக இருந்தான். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பிரேக்கை மாற்றினான்.

"ஒரு போல்ட் நிக்கலன்னான். அப்புறம் பட்டைச் சுத்தி நல்லா முடுக்கிட்டம்மா, இனிமே ஆடாதுன்னு சொன்னான். காலையில ரெண்டு பேரும் டாட்டா காட்டிட்டுப் போனாங்க. தாமல் ஏரி ரொம்பிக் கெடந்த நேரம்பா அது. வண்டி ஒரேயடியா எடது பக்கம் இழுத்துக்கினு போயி..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரையும் சாயங்காலம்தான் எடுத்தார்களாம். அது அதற்கு முந்தைய வருஷம். அதே ஐப்பசி.

சிவபாலன் கிளம்ப எழுந்தான். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தான். வாய் கேட்டுவிட்டது.

"அம்மா... அன்னிக்கு அவரு வெளிய வேலை செய்யும்போது, உள்ள குந்திக்கினு பிரேக்கை மிதிச்சது யாரு?"

"ஷாரோன்தான். வேற யாரு? இவன் மிதின்னா மிதிக்கும், விடுன்னா விடும். நல்ல ஒசரம்பா அது. வயிறு ஸ்டியரிங்ல இடிக்குதுன்னு சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளிக்கினு ஒக்காந்துச்சு."

சீட்டைப் பற்றி சிவபாலன் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. காயத்ரியிடம்கூட.